மலைக்கு மாநகர் பட்ட கடன்

நுழையும்முன்

சங்க இலக்கியம் குறிஞ்சியை நிலமாகவும் பண்ணாகவும் பூவாகவும் பாடியது. அந்நிலத்து மக்களின் இசையும் கைவினையும் மூலிகை அறிவும் இன்று மாநகரின் மேடைகளையும் அங்காடிகளையும் அலுவலகங்களையும் நாடி நிற்கின்றன. மலையின் மரபைக் காத்தல் என்பதன் பொருள் யாது? அப்பொறுப்பில் நகரத்தின் பங்கு எவ்வளவு? இக்கட்டுரை இவ்வினாக்களைச் சென்னையின் தெருக்களிலிருந்து தொடங்கி ஆராய்கிறது.

வேரும் கோப்பும்

குளிர்காலம் தொடங்கியதும் மயிலாப்பூர் மாட வீதிகளின் காய்கறிக் கடைகளில் மண் ஒட்டிய வேர்க்கட்டுகள் வந்து சேரும். அவை மாகாளிக்கிழங்கு. தோல் சீவி, நடுநரம்பு நீக்கி, சிறு துண்டுகளாக நறுக்கி, மோரும் கடுகும் மிளகாயும் சேர்த்து ஊறவைத்தால் பல மாதங்களுக்குத் தயிர்ச்சோற்றுக்குத் துணையாகும். அதன் மணத்தை அமுதம் என்போர் ஒருபுறம். மூட்டைப்பூச்சி நாற்றம் என்று முகம் சுளிப்போர் மறுபுறம். ஒரே வீட்டில் இரு கட்சியும் இருப்பதுண்டு. ஆனால், அக்கிழங்கு எந்த மலையில் விளைந்தது, எவர் அகழ்ந்தார், அவருக்கு என்ன கூலி கிடைத்தது என்னும் வினாக்கள் எந்தக் கட்சியின் வாயிலிருந்தும் வருவதில்லை.

மாகாளி தீபகற்ப இந்தியாவின் குன்றுகளுக்கே உரிய கொடி. பாறை இடுக்குகளில் மெல்ல வளரும் அதன் பயன் வேரில் உள்ளது. வேரைத் தோண்டினால் கொடிக்கு உயிரில்லை. ஊறுகாய்க்கும் நன்னாரிக்கு மாற்றாகவும் பெருமளவில் தோண்டப்பட்டதனால், அது இன்று அழியும் நிலையிலுள்ள தாவரங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. வேரின் ஒரு பகுதியை மட்டும் எடுத்து, எஞ்சியதை மண்ணால் மூடி, கொடியைப் பிழைக்க விடும் அறிவு மலைவாழ் மக்களிடம் இருந்தது. எடைக்கு விலை என்றான பின் அவ்வறிவுக்கு விலை இல்லாது போயிற்று.

மாட வீதியிலிருந்து தெற்கே சில கிலோமீட்டர் சென்றால் கிண்டியில் ஓர் அலுவலகம் உண்டு. இந்தியா முழுமைக்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகம் அது. டார்ஜிலிங் தேயிலை தொடங்கி நாட்டின் எம்மூலையில் விளைந்த பொருளாயினும், நெய்த துணியாயினும், இன்ன ஊருக்குரியது என்று சட்டம் ஏற்கவேண்டுமெனில் விண்ணப்பம் அங்குதான் வரவேண்டும். இன்னும் சற்றுத் தெற்கே தரமணியில் தேசிய பல்லுயிர் ஆணையம் உள்ளது. காட்டின் செடி, அச்செடி பற்றிய மரபறிவு ஆகியவற்றை வணிகத்திற்குக் கொள்வோர் அம்மரபுக்குரியோர்க்குத் தரவேண்டிய பங்கைப் பற்றிய கோப்புகள் அங்குச் செல்கின்றன. மலை மேற்கே இருக்கிறது. மலையின் கோப்புகள் கடற்கரை நகரில் இருக்கின்றன. ஆகவே, மலைமரபு வாழ்வதா வீழ்வதா என்பது தொலைவிலுள்ள எவருடைய கவலையோ அன்று; தென்சென்னையின் அன்றாடக் கவலைகளுள் ஒன்றாகவேண்டும்.

மலைக்குச் சென்ற கூத்தர்

பத்துப்பாட்டின் இறுதி நூலாகிய மலைபடுகடாம் கூத்தர் குழு ஒன்றை மலைவழியே நன்னனிடம் ஆற்றுப்படுத்துகிறது. முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, குழல், பதலை எனக் கருவிகளைப் பையிலிட்டுச் சுமந்து செல்லும் அக்கலைஞர்க்கு வழியெங்கும் குன்றவர் விருந்தளிக்கின்றனர். முன்பின் அறியாதவராயினும், கலைஞர் என்ற ஒன்றே உரிமையாக அமைய, அவர்கள் வீடுகளுள் புகுந்து உண்கின்றனர். இன்று திசை மாறியுள்ளது. மலையின் கலைஞர் நகருக்கு இறங்கி வருகின்றனர். அவர்களை நகரம் எவ்வாறு வரவேற்கிறது என்பதே வினா.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தொடுக்கப்பட்ட தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்களை மனப்பாடமாகச் சொல்லும் மாணவர் உளர், பாராட்டுக்குரியது. அப்பூக்களுள் பத்தினைக் காட்டில் அடையாளம் காட்டவல்ல இருளர் சிறுவனோ காட்டுநாயக்கர் சிறுமியோ அந்த அறிவுக்காகப் பள்ளியில் ஒரு மதிப்பெண்ணும் பெறுவதில்லை.

எண்ணித் தைக்கும் விரல்கள்

நீலகிரியின் தோடர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். அவர்கள் வாழும் சிற்றூர் மந்து எனப்படும். அவர்கள் போர்த்தும் பூத்துக்குளி என்னும் வெண்ணிறப் பருத்திப் போர்வையில் சிவப்பும் கறுப்புமான நூலால் பெண்கள் இடும் பூத்தையல் உலகப் புகழ் பெற்றது. அதன் செய்முறையை ஊன்றி நோக்குதல் வேண்டும். துணியில் வரைபடம் இடுவதில்லை. சட்டத்தில் துணியை இறுக்குவதுமில்லை. ஊடும் பாவுமாக அமைந்த இழைகளை விரலால் தடவி எண்ணி எண்ணியே ஊசி செல்கிறது. இத்தனை இழை விட்டு ஒரு குத்து, மீண்டும் இத்தனை இழை என்னும் கணக்கு தாயிடமிருந்து மகள் கற்பது. எருமைக்கொம்பு, முயற்காது, விண்மீன் எனக் கோலங்களுக்கு அவர்கள் வாழ்வில் கண்டவையே பெயர்கள். தையல் மிக நெருக்கமாதலால் தறியில் நெய்ததோ என ஐயுறத் தோன்றும். நகரத்தார் துணியின் மென்மையான பக்கத்தை முகப்பு எனக் கொள்வர். தோடர்க்கோ நூல் மேடிட்டுச் சொரசொரப்பாக நிற்கும் மறுபக்கமே முகப்பு. ஒரு போர்வை முடியப் பல வாரங்கள் ஆகும்.

இப்போர்வை அணிகலன் மட்டுமன்று. இறந்தவர் உடலைப் போர்த்துவதும் பூத்துக்குளியே. முன்னோர் உலகு செல்பவர் தம் மக்களின் கோலங்களை உடுத்திச் செல்லவேண்டும் என்பது அவர்தம் நம்பிக்கை. கடையில் மடித்து வைத்த சால்வையைக் கையிலெடுப்பவர் இதனை அறிந்தே எடுத்தல் நன்று.

மற்றொரு செய்தியும் இங்குக் கருதத்தக்கது. தோடர்கள் நெசவாளர் அல்லர். தொன்றுதொட்டு அவர்கள் துணி சமவெளியிலிருந்தே வந்தது. கோத்தர் செய்த மட்கலமும் இரும்புக் கருவியும், படுகர் விளைத்த தானியமும், தோடர் தந்த பாலும் நெய்யும், குறும்பர் கொணர்ந்த தேனும் ஒன்றுக்கொன்று மாறிய நிலமே நீலகிரி. எனவே, மலைமரபு என்றால் வெளிக்காற்று படாத ஒன்று, அதனைப் பேழையில் பூட்டினால்தான் தூய்மை கெடாது என்னும் எண்ணம் வரலாற்றுக்கு முரணானது. வணிகம் அம்மரபுக்குப் புதிதன்று. கொடுப்பவரும் கொள்பவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்த வணிகம் போய், அறியாத வணிகம் வந்ததே புதிது.

2013ஆம் ஆண்டு தோடர் பூத்தையலுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. தோடர் நலவாழ்வுச் சங்கம், கோத்தகிரியின் கீஸ்டோன் அறக்கட்டளை, பூம்புகார் எனப்படும் தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் ஆகியன இணைந்து முயன்றதன் பயன் அது. பெருமைக்குரிய நாள்தான். ஆயினும், குறியீடு ஒரு வேலி போன்றது; வேலியைக் காவல் காக்க ஆள் வேண்டும். எந்திரத்தில் தைத்த சிவப்புக் கறுப்புக் கோடுகளைத் ‘தோடா’ என்று விற்போரைத் தேடிப்பிடித்து வழக்குரைக்க மந்துகளில் வாழும் பெண்களுக்குப் பொழுதும் இல்லை, பொருளும் இல்லை. பதிவும் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படவேண்டும். சட்டம் பெயரைக் காக்கிறது. உழைப்புக்குரிய கூலியை அது வரையறுப்பதில்லை. எந்திரத் துணியின் விலையைக் காட்டிக் கைத்தையலின் விலையைக் குறைக்கச் சொல்லும் பேரம் தியாகராய நகர்க் கடைத்தெருவில் இயல்பாக நிகழ்வது. பட்டுச்சேலையின் கரைக்குக் குறைகேளாது விலை தரும் அதே கை, இழை எண்ணித் தைத்த போர்வைக்குச் சற்று நடுங்குவதைக் காணலாம்.

போர்வைக்குப் பின்னால் புல்வெளி இருக்கிறது. தோடரின் வாழ்வு எருமையைச் சுற்றியது. எருமை புல்லைச் சுற்றியது. அவர்தம் கோயிலின் வளைந்த கூரையை வேய்வதற்கும் மலையின் ஈரநிலத்தில் வளரும் குறிப்பிட்ட புல்லே வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் அப்புல்வெளிகளில் சீகையும் தைலமரமும் தேயிலையும் நடப்பட்டன. 1870ஆம் ஆண்டு முதல் கோடைதோறும் சென்னை மாகாண அரசு உதகமண்டலத்துக்கு இடம்பெயர்ந்து ஆண்டது. வெற்றுநிலம் என்று அதிகாரிகள் குறித்த இடம் தோடரின் மேய்ச்சல் நிலமாக இருந்தது. விடுதலைக்குப் பின்னும் அந்நடவு தொடர்ந்தது. புல் குறைந்தது, எருமை குறைந்தது. ஆதலின் பூத்தையலைக் காப்போம் என்று நகரில் கூட்டம் நடத்துவோர், புல்வெளி மீட்பைப் பற்றியும் ஒரு சொல் பேசுவதே முறை.

கொள்ளும் கொம்பும்

கோத்தகிரி என்னும் பெயரிலேயே கோத்தர் இருக்கின்றனர். நீலகிரியில் ஏழு ஊர்களில் வாழும் இம்மக்கள் கொல்லராகவும் தச்சராகவும் இசைவாணராகவும் விளங்கினர்; மட்கலம் வனைதல் பெண்களின் தொழில். சீவாளி பொருத்தி ஊதும் ‘கொள்’ என்னும் குழல், வளைந்த ‘கொப்’, ‘தபட்க்’ என்னும் தோற்கருவி, உருளை வடிவ முரசுகள் ஆகியன அவர்தம் இசைக்குழுவில் அடங்கும். கொப் என்பது தமிழின் கொம்பு. தபட்க் என்பது தப்பட்டை. திராவிட மொழிக் குடும்பத்தின் உறவை ஒரு மேளத்தின் பெயரிலேயே காணலாம். 1930களில் நீலகிரியில் தங்கி ஆராய்ந்த எமனோ என்னும் மொழியியல் அறிஞர் கோத்தர் கதைகளையும் தோடர் பாடல்களையும் வாய்மொழியாகக் கேட்டு எழுதினார். அவருடைய ‘தோடர் பாடல்கள்’ 1971ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. பர்ரோவுடன் இணைந்து அவர் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியில் தமிழ்ச்சொல்லுக்கு அருகில் கோத்தச் சொல்லும் தோடச் சொல்லும் நிற்கின்றன. சில ஆயிரம் பேர் மட்டுமே பேசும் மொழிகள் பல கோடிப் பேர் பேசும் மொழியின் வரலாற்றுக்குச் சான்று கூறுகின்றன.

கோத்தர் இசையில் தெய்வத்துக்குரிய இசை வேறு, இறப்புக்குரிய இசை வேறு, ஆடலுக்குரியது வேறு. ஒன்றன் இடத்தில் மற்றொன்றை இசைப்பது பிழை. முற்காலத்தில் தோடர், படுகர் இல்லங்களின் இறுதிச் சடங்குகளுக்கும் கோத்தர் இசை இன்றியமையாததாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சீர்திருத்த நோக்கும் மதிப்புப் பற்றிய எண்ணங்களும் மாற, அவ்வழக்கம் பெரிதும் நின்றது. அழைப்பு நின்றதில் கோத்தர் இழந்ததும் உண்டு. பிறர் வீட்டு இழவுக்கு வாசிக்கவேண்டிய கட்டாயத்திலிருந்து விடுபட்டதும் உண்டு. மரபு மறைந்ததே என்று நகரத்தார் பெருமூச்சு விடும்போது இவ்விரண்டாவது உண்மையை மறந்துவிடுகின்றனர். ஒரு கலையைச் செய்வோர் அதனால் இழிவு அடைந்திருந்தால், அதனைத் துறக்கும் உரிமையும் அவர்க்கு உண்டு.

தம் தெய்வங்களுக்கு ஆண்டுதோறும் எடுக்கும் பெருவிழாவில் கோத்தர் இசை இன்றும் முழங்குகிறது. அவ்விழா மார்கழி, தை மாதங்களை ஒட்டி வருவது. கீழே மியூசிக் அகாதெமியிலும் வாணி மகாலிலும் இசைவிழா நடக்கும் அதே நாள்களில், மேலே கோத்தரின் கோயில் முற்றத்தில் கொள் ஒலிக்கிறது. இரண்டுக்கும் நுழைவுச்சீட்டு முறை வேறு என்பதைத் தவிர, ஈடுபாட்டில் குறைவு இருப்பதாகத் தெரியவில்லை. மலைக்கலைஞரை மார்கழி மேடைக்கு அழைக்க விழைவோர் முதலில் அவர்தம் நாட்காட்டியைப் பார்க்கவேண்டும். அழைத்த பின்னும், எதனை இசைப்பது, எதனை இசைக்காமல் விடுவது என்னும் முடிவு அவர்களுடையதே. பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் காட்டுக என்று கேட்பது விருந்தோம்பல் ஆகாது. இறப்பிசையை மேடையில் இசைக்க மறுக்கும் கலைஞர் தம் மரபைக் காத்தவரே ஆவார். அம்மறுப்பைக் குறையாகக் கருதும் ஒருங்கிணைப்பாளர் அம்மரபை அறியாதவர்.

2022ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட தேசியத் திரைப்பட விருதுகளில், அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் பாடகி நஞ்சியம்மா சிறந்த பின்னணிப் பாடகி விருதைப் பெற்றார். ஆடுமாடு மேய்த்தபடி பாடிய குரல் அது. நாடே மகிழ்ந்தது. முறையான பயிற்சி பெறாதவர்க்கு இவ்விருதா என்று கேட்டோரும் இருந்தனர். பயிற்சி என்பது தம்புராவின் முன்னமர்ந்து பெறுவது ஒன்றே என்னும் முன்முடிவு அவ்வினாவில் ஒளிந்துள்ளது. தாயும் பாட்டியும் பாடக்கேட்டுப் பல்லாண்டு பாடிப் பாடி அமைந்த குரலுக்குப் பயிற்சி இல்லை என எவ்வாறு கூறுவது? தேவாரப் பண்களுள் ஒன்றன் பெயர் குறிஞ்சி. அப்பெயரைத் தந்த நிலத்தின் குரலுக்கு இசையரங்கில் சான்றிதழ் கேட்கப்படுகிறது.

நகரம் முன்பு காத்த ஒரு கலை

அழியும் நிலையிலிருந்த கலையைச் சென்னை காத்ததற்கு முன்சான்று உண்டு. கோயிலிலும் அரங்கிலும் இசைவேளாளர் மரபினர் போற்றிவந்த சதிர் ஆட்டம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழிப்புக்கு உள்ளாயிற்று. மியூசிக் அகாதெமி 1931ஆம் ஆண்டு கல்யாணி மகளிரின் ஆடலைத் தன் மேடையில் ஏற்றியது. ருக்மிணி தேவி பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று, 1936ஆம் ஆண்டு அடையாற்றில் கலாசேத்திராவை நிறுவினார். சதிர் பரதநாட்டியமாயிற்று; உலகெங்கும் பரவியது. இது பெருஞ்செயல் என்பதில் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை.

ஆனால், அக்கதையில் ஒரு நிழலும் உண்டு. கலை மேடையேறியபோது, அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த குடும்பங்களின் பெண்களுள் மிகப் பலர் மேடையிலிருந்து இறங்கினர். பாலசரசுவதியைப் போல் நிலைத்து நின்றோர் சிலரே. கலை பிழைத்தது, கலைஞர் மரபு ஒதுங்கியது. இதற்குக் காரணம் சட்டமா, சமூகமா, காலமா என அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். அவ்வாதத்தின் முடிவு எதுவாயினும், அதே பிழை மலையின் கலைகளில் நிகழ இடந்தரலாகாது. பூத்தையலை அடையாற்றின் வகுப்பறையில் கற்ற பெண் தோடர் பெண்ணைவிடத் திறமையாகத் தைக்கக்கூடும். அவள் கற்பதில் தவறில்லை. அவள் தைத்தது விலைபோக, மந்தில் இருப்பவளின் ஊசி ஓயுமானால், நகரம் காத்தது எதனை?

அருங்காட்சியகத்தின் வழியும் முழுமையான வழியன்று. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் மானிடவியல் கூடத்தில் மலைமக்களின் பொருள்கள் வைக்கப்பட்டுள்ளன. அதன் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன் 1909ஆம் ஆண்டு ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி வெளியிட்டார். செய்திக் களஞ்சியம் அது. மனிதரின் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்த காலத்தின் எச்சமும் அதுவே. அங்குள்ள பேழைகளின் முன் நிற்கும் மாணவர், உள்ளே இருப்பவை மறைந்த மக்களின் பொருள்கள் என்று எண்ணிவிடுகின்றனர். அம்மக்கள் உதகையில் பேருந்து ஏறுகின்றனர், கல்லூரிக்குச் செல்கின்றனர், கைப்பேசியில் தம் மொழியில் பேசுகின்றனர். பேழையின் அருகில் இன்று வாழும் ஒரு கைவினைஞர் அமர்ந்து, மாணவர் கேட்கும் வினாக்களுக்கு விடை கூறும் நாள்கள் அமைந்தால் அவ்வெண்ணம் மாறும்.

ஆரோக்கியப்பச்சையின் பாடம்

மயிலாப்பூர்க் கச்சேரி சாலையில் நூறாண்டைக் கடந்த நாட்டு மருந்துக் கடை உண்டு. கடுக்காயும் சித்தரத்தையும் திப்பிலியும் அதிமதுரமும் சிறு பொட்டலங்களாக அங்கு விற்கப்படுகின்றன. பிள்ளைபெற்றவர்க்கு லேகியம் என்றால் அக்கம்பக்கத்தார் நினைவுக்கு வருவது இத்தகைய கடையே. சித்த மருத்துவ நூல்கள் ஏட்டில் உள்ளன. கொடிய முட்செடிக்கு நடுவே எந்தப் பருவத்தில் எந்த வேரை எடுப்பது என்னும் அறிவோ ஏட்டில் பாதி, வாயில் பாதி.

அவ்வாய்மொழி அறிவின் மதிப்பை உலகறியச் செய்த நிகழ்ச்சி பொதிகையை ஒட்டிய கேரள மலைப்பகுதியில் நிகழ்ந்தது. 1987ஆம் ஆண்டு, பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் ஆய்வு நிறுவன அறிவியலாளர்கள் காணிகளை வழிகாட்டிகளாகக் கொண்டு மலையேறினர். அறிவியலாளர் களைத்து அமர, காணிகள் ஒரு சிறு செடியின் கனியை மென்றபடி களைப்பின்றி நடந்தனர். அச்செடி ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்து உருவாயிற்று. 1995ஆம் ஆண்டு அம்மருந்தைச் செய்யும் உரிமை ஒரு நிறுவனத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய்க்கு வழங்கப்பட்டது; உரிமைத் தொகையில் பாதி காணிகளுக்கு என முடிவாயிற்று. 1997ஆம் ஆண்டு அவர்களுக்கென அறக்கட்டளை அமைந்தது. மரபறிவுக்குப் பங்கு தருதல் என்னும் கொள்கைக்கு உலக அளவில் எடுத்துக்காட்டாயிற்று அது.

பின்னர் நிகழ்ந்ததும் அறியத்தக்கது. செடியைக் காணிகளே பயிரிட முனைந்தனர். காட்டுச்செடியை விற்பதற்கு வனத்துறை இசையவில்லை. மலையின் இயல்பான சூழலுக்கு வெளியே நட்ட செடியிலோ மருந்துத் தன்மை இல்லை. செடிக்கு மலை வேண்டும். மலையில் உழவர்க்கு உரிமை வேண்டும். உரிமையில்லாத பங்கு தாளில் எழுதிய தொகையாக நின்றுவிடும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறுவன மகசூலைச் சேகரிக்கும் உரிமையையும், பல்லுயிர் வளம் பற்றிய மரபறிவின்மீது மக்களுக்குள்ள உரிமையையும் ஏற்றது. அச்சட்டம் நடைமுறைக்கு வரும் வேகமே மூலிகையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும்.

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் 2023ஆம் ஆண்டு திருத்தப்பட்டது. நூல்களில் பதிவான மரபறிவைப் பயன்படுத்துவோர்க்குப் பயன்பகிர்விலிருந்து விலக்கு தரப்பட்டது. சித்த, ஆயுர்வேத மருத்துவர்க்கு இது எளிமை தருவது. அதில் நியாயமும் உண்டு. ஆயினும், ஏட்டில் ஏறிய அறிவும் முதலில் எவரோ ஒருவர் காட்டில் கண்டதுதானே? எழுதியவர் பெயர் நிலைத்தது. சொன்னவர் பெயர் மறைந்தது. ஊர்தோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்படவேண்டும் என்று அதே சட்டம் கூறுகிறது. அப்பதிவேட்டை ஓர் அலுவலர் ஒரு பிற்பகலில் நிரப்பிச் செல்லாமல், செடியை அறிந்த முதியோர் சொல்லச் சொல்ல இளையோர் எழுதினால், சொன்னவர் பெயரும் நிலைக்கும்.

நகருக்கு அண்மையிலேயே ஒரு நன்முயற்சி நடைபெற்று வருகிறது. செங்கல்பட்டுக்கு அருகில் தண்டரையில் இருளர் மகளிர் நலச்சங்கம் மூலிகைத் தோட்டமும் நாற்றுப்பண்ணையும் வளர்த்துள்ளது. பாம்பும் எலியும் பிடித்து வாழ்ந்தவர் என்று மட்டுமே அறியப்பட்ட மக்களின் பெண்கள், செடியறிவையே தொழிலாக்கியுள்ளனர். அடையாற்றின் அடுக்குமாடி வீடுகளில் மொட்டைமாடித் தோட்டம் இன்று பெருவழக்கு. தூதுவளையும் ஆடாதோடையும் பிரண்டையும் கற்பூரவல்லியும் தொட்டியில் வளர்கின்றன. அந்நாற்றுகளை இத்தகைய பண்ணையில் வாங்கினால், செடியோடு அதனை வளர்க்கும் முறையும் கிடைக்கும். மாடியில் பத்துத் தொட்டி வைத்து மூலிகை மரபையே மீட்டுவிட்டதாக எண்ணுவது சற்று மிகையே. இருப்பினும், சந்தையில் வாங்கும் மாகாளியைப் பற்றி வினவும் பழக்கம் அத்தொட்டியிலிருந்து தொடங்கக்கூடும்.

விருந்தும் விலையும்

மலைமரபைக் காக்க வேண்டும் என்போரை நோக்கி மலையின் இளைஞர் எழுப்பும் வினா ஒன்றுண்டு. சென்னையில் உள்ளோர் தம் பிள்ளைகளைப் பொறியியலும் மருத்துவமும் படிக்க வைக்கின்றனர். மலையில் உள்ளோர் மட்டும் குழலூதியும் போர்வை தைத்தும் மரபைக் காக்கவேண்டுமா? இவ்வினாவுக்கு நாணாமல் விடையளிக்கக் கடமையுண்டு. கட்டாயப்படுத்திக் காக்கும் மரபு தண்டனையாகிவிடும். படித்துப் பணிக்குச் சென்ற தோடர் பெண், விரும்பினால் ஊசியைக் கையிலெடுக்கவும், எடுத்தால் அவ்வுழைப்பு அவளுடைய மற்ற வருவாய்க்கு ஈடாகவும் இருக்கவேண்டும். மயிலாப்பூரில் மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றும் பெண் மாலையில் வீணை கற்பதை எவரும் பிற்போக்கு என்பதில்லை. அதே தேர்வுரிமை மலையில் இருப்பவர்க்கும் உரியது.

இராஜா அண்ணாமலைபுரத்தில் இசை, கவின்கலைப் பல்கலைக்கழகம் உள்ளது. கோத்தர் கலைஞர் ஒருவர் ஒரு பருவம் முழுவதும் அங்கு ஆசிரியராக அமர்ந்து, ஏனைய பேராசிரியர்க்குரிய ஊதியம் பெற்று, கொள் கற்பிப்பது இயலாத செயலன்று. பட்டம் இல்லையே என்பர். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் எவரும் பட்டம் கேட்டதாகத் தெரியவில்லை.

கடைக்காரரும் வாங்குவோரும் செய்யத்தக்கது இன்னும் எளிது. பூத்தையல் போர்வையில் தொங்கும் அட்டையில் விலையும் துணியின் அளவும் மட்டுமே அச்சிடப்படுகின்றன. தைத்தவர் விரும்பினால் அவர் பெயரும், மந்தின் பெயரும், எத்தனை நாள் தைத்தார் என்பதும், விற்கும் விலையில் அவருக்குச் சேர்ந்தது எவ்வளவு என்பதும் அவ்வட்டையில் இடம்பெறலாம். கிண்டிப் பதிவகத்தின் பதிவேட்டில் அப்பொருளைப் பயன்படுத்தும் உரிமை பெற்றோர் பட்டியல் உண்டு. அப்பட்டியலில் தையற்பெண்கள் ஒவ்வொருவரின் பெயரும் ஏற, விண்ணப்பம் எழுதத் தெரிந்த நகரத்து மாணவர் உதவலாம். மலைக்கும் கிண்டிக்கும் இடையிலுள்ள தொலைவைக் காட்டிலும், கிண்டிக்கும் தியாகராய நகருக்கும் இடையிலுள்ள தொலைவு மிகக் குறைவு. மின்தொடர்வண்டியில் இரண்டாம் நிலையம்.